துவைக்காத துணி

நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவள் நாலு மணிக்கே வந்து தொலைத்துவிடுவாளோ என்று பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் எவன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான், பிளம்பர் வருகிறானா, கேபிள்காரன் வருகிறானா, ஆனால் இந்த ஷர்மிளா வந்துவிடுவாள், போனில் பேசின தினுசிலேயே தெரிந்துவிட்டது, ஊசி போட்டாச்சா ஆன்ட்டி, என்ன சாப்பிடுது ஆன்ட்டி, கடிக்குமா ஆன்ட்டி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், ஏன் ஆன்ட்டி கொடுக்கறீங்க என்றும் கேட்டாள், அதற்கு பூங்கோதை, முடியலம்மா, வயசாகுது என்று சொல்லி வைத்தாள், நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா, அதையும் அந்தப் பெண் நம்பித் தொலைத்தது, அதுதான் இன்னும் எரிச்சல். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் குண்டைப் போட்டாள். "வீட்டுல யார்கிட்ட ரொம்ப ஒட்டுதல் ஆன்ட்டி? அவங்க போட்ட துணி, துவைக்காதது ஒண்ணு, கூட வச்சுக் கொடுத்துடுங்க. புது இடத்துல அந்த வாசனைதான் அதுக்குத் தைரியம். முன்னாடி ஒரு குட்டியை அது இல்லாம வாங்கிட்டு வந்துட்டேன், சாப்பிடவே இல்ல, பொழைச்சதே பெரும்பாடு." ஒட்டுதல் எல்லாம் என்கிட்டதாம்மா என்று பூங்கோதை பட்டென்று சொல்லிவிட்டாள். பச்சைப் பொய். அது அவளுக்கும் தெரியும், இந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும், இதோ படுக்கையறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு மயக்கத்தில், பனியனுக்குள் ஜிகினா என்கிற அந்தப் பிராணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு குறட்டை விடுகிற அவள் புருஷன் தணிகாசலத்துக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். ஜிகினாவைக் கொண்டுபோக இன்றைக்கு ஒருத்தி வருகிறாள் என்பது.

ஹாலில் அழுக்குக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நேற்று போட்ட நைட்டி மேலேயே கிடந்தது. இதுதான் போகும், இதைத்தான் கொடுக்கப்போகிறேன், இதில் என்ன குறை, என்று எடுத்து மோந்து பார்த்தாள், தைலம், தாளிப்பு, கொஞ்சம் வேர்வை, நல்ல குடும்பத்துப் பொம்பளை வாசனைதான். ஜிகினாவை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது யார், அதைச் சொல்லுங்கள் முதலில். மேல் வீட்டு லதிகா மஸ்கட் போகிறபோது, இது ஃபெரட் ஆன்ட்டி, கீரிக்குச் சொந்தக்காரின்னு வச்சுக்கோங்க, மனுஷங்க கையில வளர்ந்தது, வெளிய விட்டா ஒரு நாள் தாங்காது என்று கண்ணைக் கசக்கினாளே, அப்போது கையை நீட்டினது யார். நீட்டினால் ஒரு முழம், சுருட்டினால் ஒரு கைப்பிடி, வறுத்த ரவை நிறத்தில் ரோமம், கண்ணைச் சுற்றி மை அப்பின மாதிரி கறுப்பு. சோபாவுக்கு அடியில் பூந்துகொண்டு அங்கிருந்து கண் மினுக்கியதைப் பார்த்து, அடியே ஜிகினா என்று கூப்பிட்டது யார். அப்போது அவர் என்ன சொன்னார்? "பெருச்சாளியா? வீட்டுக்குள்ளயா? அது உள்ள இருந்தா நான் வெளிய" என்று பால்கனியில் போய் நின்று காபி குடித்தார், மூக்கை வேறு பொத்திக்கொண்டார். நாற்றம், நாற்றம் என்று அவர் சொல்லச் சொல்ல இவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதைக் குளிப்பாட்டினாள், சீயக்காய் போட்டாள், ஷாம்பு போட்டாள், பெற்ற பிள்ளை கபிலனைக்கூட அப்படித் தேய்த்ததில்லை, தேய்க்கத் தேய்க்க நாற்றம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் மிருக டாக்டர் சிரித்தார், குளிப்பாட்டினா தோல் காய்ஞ்சு இன்னும் எண்ணெய் விடும்மா, அந்த எண்ணெய்தான் வாசனையே, சும்மா விடுங்க என்றார். அதற்குள் ஜிகினாவின் புத்திக்குள் ஏறிவிட்டது, பூங்கோதையின் கை என்றால் தண்ணீர், பூங்கோதையின் கை என்றால் மூக்கெரிச்சல். போதாததற்கு நகம் வெட்டுகிற கையும் அதுதான், காது குடைகிற கையும் அதுதான், பூச்சி மருந்தை வாய்க்குள் பீச்சுகிற கையும் அதுதான். அவருக்கென்ன. ஒரு சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே அவித்த முட்டையின் மஞ்சளைத் துளி விரலில் எடுத்துக் கீழே நீட்டினார், பார்க்காமலே நீட்டினார், சத்தியமாக டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது நக்கிற்று, நக்கிவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு, வாலைச் சிலுப்பிக்கொண்டு, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, டுக் டுக் டுக் என்று தொண்டைக்குள் சத்தம் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிற்று பாருங்கள், சுவரில் முட்டிக்கொண்டு விழுந்து எழுந்து மறுபடியும் ஆடிற்று. ஃபெரட்டுக்குச் சந்தோஷம் தாங்காவிட்டால் அப்படித்தான் ஆடுமாம். அவருக்காக ஆடிற்று. அவர் சிரித்தார், பல் தெரிய. வந்த புதிதில் பூங்கோதைக்காகவும் ஒரு தரம் ஆடியிருக்கிறாள், ஆடினாளா, இல்லை குளித்த குளிரில் நடுங்கினாளா, இப்போது யோசித்தால் நடுங்கினதாகத்தான் தோன்றுகிறது. ஆடினது என்று சொல்லணும், ஆடினாள் என்ன ஆடினாள், அது ஒரு பிராணி.

வெளியே ஏசியின் தண்ணீர் பால்கனி வாளியில் சொட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் பூங்கோதைக்குக் கோபம் ஏறும். மூன்று கோடையாக அவள் உடம்பு எரிகிறது, திடுதிப்பென்று கழுத்திலிருந்து காது வரைக்கும் தீயாய்ப் பரவும், எழுந்து போய்த் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிடுவாள், தீட்டு நிற்கிற வயசில் அப்படித்தான் இருக்கும் என்று லேடி டாக்டர் சொன்னாள், ஒரு ஏசி போடலாமா என்று இவள் வாயைத் திறந்து கேட்டாள், ஒரு தரமா, எத்தனை தரம். ஃபேன் ஸ்பீடைக் கூட்டிக்கோ என்றார். சித்திரை பிறந்ததும் மிருக டாக்டர், இது குளிர் தேசத்து ஜாதி சார், நம்ம வெயில்ல சுருண்டு செத்துடும் என்றார், அவ்வளவுதான், அடுத்த வாரமே சுவரைத் துளைக்க ஆள் வந்தாயிற்று, இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, காத்து நேரா அது மேல அடிக்கக் கூடாதுப்பா, சளி பிடிச்சிடும் என்று சொல்லிக் கொடுக்கிறார். எனக்குச் சுட்டபோது ஃபேன், அதுக்குச் சுட்டால் ஏசியா? இதைக் கேட்டுவிடலாம், கேட்டிருக்கலாம், கேட்டால் என்ன சொல்வார், நீ மனுஷி, சொல்லத் தெரியும், அது வாயில்லா ஜீவன் என்பார். சொன்னேனே, எனக்கு வாய் இருந்ததே, இருந்து என்ன ஆயிற்று. இதில் கேவலம் என்னவென்றால் ஏசி போட்ட அன்றைக்கு அவள் தூங்கினாள், எத்தனையோ நாளைக்கு அப்புறம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள், காலையில் எழுந்ததும் யார் புண்ணியத்தில் தூங்கினோம் என்று ஞாபகம் வந்து முகம் கழுவக்கூடப் பிடிக்கவில்லை. இப்போதுகூட உள்ளே போய்ப் படுத்தால் என்ன, யார் வேண்டாம் என்றது, போகமாட்டாள், ஹாலில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பாள். ரோஷமாம் ரோஷம்.

மணி மூன்றரை தாண்டியிருக்கும். எழுந்து சத்தம் இல்லாமல் கதவிடுக்கில் பார்த்தாள். அவர் மல்லாந்து கிடந்தார், பனியன் கழுத்திலிருந்து ஜிகினாவின் தலை மட்டும் வெளியே, மூக்கு அவர் தாடைக்கடியில், இரண்டுக்கும் மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கிற்று. அவர் கை தூக்கத்திலும் பனியனுக்கு மேலே அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. எத்தனை பதவிசு. இந்தக் கைக்கு இது தெரியுமா, இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தது. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அவள் கண்ணை விழித்தபோது இவர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், முழிச்சிட்டியா, நர்ஸைக் கூப்பிடறேன் என்றார், குறை சொல்லக் கூடாது, எல்லாச் செலவும் செய்தார், பக்கத்திலேயேதான் இருந்தார், ஆனால் இந்தக் கை போர்வைக்கு மேலேகூட வரவில்லை. போன மாசம் என்னடாவென்றால் ஜிகினா எழுந்திருக்கவில்லை என்று அவர் போட்ட கூப்பாட்டில் எதிர் பிளாட்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஃபெரட் அப்படித்தான் தூங்கும், பிணம் மாதிரி, தூக்கினால் துணியாகத் தொங்கும், உலுக்கினாலும் தெரியாது, பூங்கோதைக்கு அது தெரியும், லதிகாவே சொல்லியிருக்கிறாள், சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அந்த மனுஷன் கிழிந்த பனியனோடு, லுங்கியை மடித்துக் கட்டக்கூட நேரம் இல்லாமல், அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடி ஆட்டோவில் ஏறிவிட்டார். ஆட்டோ அம்பத்தூர் சிக்னலில் நின்றபோது அது கொட்டாவி விட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அந்தத் தண்ணீர் சிரிப்பினால் வந்தது இல்லை என்று பூங்கோதைக்குத் தெரியும். அவளும் சிரித்தாள், எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். தெரிந்தும் ஏன் நான் சொல்லவில்லை என்பதை மட்டும் அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. ஓடுவாரா என்று பார்க்கணும் என்று இருந்தது. ஓடினார்.

திரும்பி வந்து கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். யார் மேல் எரிகிறது எனக்கு, அவர் மேலா, அதன் மேலா. அதைத் தொட்டு வளர்த்தவள் நான், அது அவரிடம் போய்விட்டது, அதனால் அவர் மேல். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், அவர் அதனிடம் போய்விட்டார், அதனால் அதன் மேல். இரண்டு பக்கமும் கதவு சாத்தின மாதிரி நடுவில் நிற்கிறாள், இரண்டு பக்கமும் கொண்டாட்டம் நடக்கிற சத்தம் கேட்கிறது. சாக்ஸ் விஷயம் ஒன்று போதும். ஃபெரட் திருடும், அது அதன் பிறவிக்குணம், பிடித்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைக்கும். சோபாவை நகர்த்திப் பார்த்தால் அவருடைய சாக்ஸ், அவருடைய பனியன் துண்டு, அவர் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டுகிற ஒயர், அவருடைய மணிபர்ஸ்கூட ஒரு தரம். பூங்கோதையின் பொருள் ஒன்று இல்லை, தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை. சிரிக்காதீர்கள், அடுத்த நாள் அவள் தன் கைக்குட்டையைக் கொண்டுபோய் அது நடமாடுகிற வழியில் போட்டு வைத்தாள், கை தவறி விழுந்த மாதிரி போட்டாள், போட்டுவிட்டு அரிசி களைகிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். ஜிகினா வந்தது, மோந்தது, தாண்டிப் போயிற்று. மறுநாள் ரவிக்கைப் பிட்டு ஒன்று. அதையும் தாண்டிப் போயிற்று. ஒரு திருட்டுக் கழுதைகூட என் பொருளைத் திருட மாட்டேன் என்கிறது என்று அன்றைக்கு அவள் குக்கருக்கு முன்னால் நின்று அழுதாள், கேட்டால் வெங்காயம் என்று சொல்ல வெங்காயத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு அவர் எங்கே இருந்தார், அவர் கட்டிலில் உட்கார்ந்து அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஜிகினா என்று ஒரு பெயர் போதாதாம், ஜிக்கு, ஜிக்கும்மா, பட்டுக்குஞ்சு, என் வாலு, திருட்டு ராணி, ஒவ்வொன்றையும் ஒரு குரலில் சொல்வார், தேனைத் தொட்டுக்கொண்டு சொல்கிற மாதிரி ஒரு குரல், அந்தக் குரலைப் பூங்கோதை முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் கோதை, கோதை என்று வாய் ஓயாது, குளியலறையில் இருந்து சோப்பு வேண்டும் என்றாலும் கோதை, ஒன்றும் வேண்டாமல் சும்மாவும் கோதை. அது எப்போது நின்றது. ஒரு நாள் சொல்லிக்கொண்டா நிற்கும். கபிலன் பிறந்ததும் கபிலம்மா ஆனாள், அப்புறம் அதுவும் தேய்ந்து, இந்தா, இங்க பாரு, சாப்பாடு ஆச்சா. அவளும் ஒன்றும் குறைச்சல் இல்லை, அவளும் என்னங்கவோடு சரி, அதையும் ஒத்துக்கொள்ளணும். ஆனால் அவள் யாருக்கும் பட்டுக்குஞ்சு என்று பெயர் வைக்கவில்லையே. கஞ்சன் ஒருத்தன் என்று நினைத்து இத்தனை வருஷம் இருக்கிறதைக் கொண்டு குடித்தனம் பண்ணியாயிற்று, வறண்ட மனுஷன், இவ்வளவுதான் என்று மனசைத் தேற்றியாயிற்று. இப்போது பார்த்தால் உள்ளே கிணறே இருந்திருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. இல்லாதவனிடம் கிடைக்காவிட்டால் போகிறது, இருந்துகொண்டு எனக்கு இல்லையென்றால்?

போகட்டும், இன்றோடு போகட்டும். துணிப்பையை எடுத்து நைட்டியை மடித்து உள்ளே வைத்தாள். அதன் தட்டு, அதன் ஊஞ்சல் துணி, கோழி ஈரல் ஒரு டப்பா. சாப்பிடவே இல்ல, பொழைச்சதே பெரும்பாடு என்றாளே அந்தப் பெண். நைட்டியை எடுத்துப்போட்டாள். ஷர்மிளா இருக்கிற பெரம்பூரில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு மூலையில், இந்த நைட்டியை மோந்து பார்த்துவிட்டு, தண்ணீர், ஷாம்பு, மூக்கெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு அது பட்டினி கிடக்கும், சாகட்டும், சீ, என்ன பேச்சு இது, இந்தக் கையால் ஈரல் அரிந்து போட்ட பிராணி. குவியலுக்கு அடியில் இருந்து அவருடைய நேற்றைய பனியனை இழுத்தாள். கொடுப்பதற்காகத்தான் இழுத்தாள். முகத்தருகே எப்படிப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. வேர்வை, விபூதி, ஷேவிங் லோஷன், இவை எல்லாம் பழைய ஆட்கள், அதற்கு மேலே ஜிகினாவின் கஸ்தூரி மாதிரியான அந்த நெடி, பிரிக்கவே முடியாதபடிக்குக் கலந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மோந்தாள். எத்தனை வருஷம் ஆயிற்று இதில் முகம் வைத்து, தினம் துவைக்கிறாள், தினம் காய வைக்கிறாள், மடித்து அடுக்குகிறாள், மோந்து பார்க்கத் தோன்றினதில்லை. இதையா கொடுத்து அனுப்புவது? போகிறவளுக்கு இதையும் சீராகக் கொடுத்து அனுப்புவதா? அங்கே போயும் அது இதற்குள் சுருண்டு சுகமாகத் தூங்குமா? முடியாது. பனியனை மடியில் போட்டுக்கொண்டாள். நைட்டியை மறுபடி பையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். நெற்றியில் இருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது, அப்போது காலிங்பெல் அடித்தது.

சரியாக நாலு. சனியன், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. ஷர்மிளா சின்னப் பெண்தான், ஜீன்ஸ், கையில் ஜன்னல் வைத்த பெட்டி, செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எங்க ஆன்ட்டி நம்ம ஆளு?" என்றாள். அதற்குப் பதில் படுக்கையறைக் கதவிலிருந்தே வந்தது. மணிச் சத்தத்துக்கு எழுந்து, கன்னத்தில் தலையணைத் தழும்போடு, தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார், பனியனுக்குள்ளிருந்து ஜிகினா எட்டிப் பார்த்தது. ஷர்மிளா அவரைப் பார்த்தாள், பூங்கோதை எழுந்தபோது மடியிலிருந்து கையோடு வந்துவிட்ட பனியனைப் பார்த்தாள், தரையில் கிடந்த நைட்டியைப் பார்த்தாள். பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள், நல்ல பெண்.

"யாரும்மா நீ?" என்றார்.

"ஜிகினாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் அங்கிள். ஆன்ட்டி சொல்லலையா?"

கத்துவார் என்று பூங்கோதை காத்திருந்தாள். கத்தினால் என்ன சொல்லணும் என்று ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள், நான் கொண்டுவந்தது, நான் கொடுக்கறேன், நீங்க யாரு கேட்க, பெருச்சாளின்னு சொன்னவர்தானே நீங்க, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றது. அவர் கத்தவில்லை. ஒரு கையால் பனியனுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாற்காலியைத் துழாவினார், உட்காரவும் இல்லை. அவளைப் பார்த்தார். அவளைத்தான், நேராக, முகத்தை. எப்போது கடைசியாகப் பார்த்தார் இப்படி.

"கோதை" என்றார்.

கையிலிருந்த பனியனை அவள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கோதை, வேணாம்மா. கொடுத்துடாத. நான் என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன். கோதை."

அந்தக் குரல். அதே குரல், தேனைத் தொட்டுக்கொண்டு சொல்கிற அதே குரல். யாருக்காக வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா, ஒரு நொடிகூட அதில் அவள் ஏமாறவில்லை, அவருடைய கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பனியனுக்கு மேலேதான் இருந்தது. இருந்தாலும் பெயர் அவளுடையது. வேண்டாம், கொடுக்கவில்லை, போம்மா என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், அவர் உள்ளே போய் மறுபடியும் படுத்துவிடுவார், நாளைக்குக் காலையில் இந்தா, இங்க பாரு, சாப்பாடு ஆச்சா. கொண்டுபோ என்று சொல்லிவிட்டாலும் கதை முடிந்துவிடும். அந்த இரண்டையும் ஒரு கையிலும், கோதை என்று கூப்பிடுகிற இந்தக் குரலை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு கெட்டவளா நான் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று.

"இன்னிக்கு வேணாம் ஷர்மிளா" என்றாள். "அவருக்கு மனசு வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, வீட்டு போனுக்கே பண்ணுங்க, அவர் எடுத்தாலும் சரி."

ஷர்மிளா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவள் படியிறங்குகிற சத்தம் ஓய்கிற வரைக்கும் தணிகாசலம் அசையாமல் நின்றார். அப்புறம் ஜிகினாவைப் பனியனிலிருந்து மெதுவாக எடுத்துச் சோபாவில் விட்டார், விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார், அங்கே அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"கோதை, டீத்தூள் எந்த டப்பாவில இருக்கு? நான் போடறேன், நீ உட்காரு."

"ரெண்டாவது தட்டு, பச்சை மூடி" என்றாள் பூங்கோதை.

கொண்டுவந்து கையில் கொடுத்தார், தளும்பித் தட்டில் கொட்டியிருந்தது, கொதிக்க விட்டுக் கசந்துபோயிருந்தது. யாருக்காகப் போட்ட டீ என்று அவளுக்குத் தெரியும். தட்டில் கொட்டினதையும் சேர்த்துக் குடித்தாள்.